செஞ்சிச் சீமையின் தராசு

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் எல்லை பலமுறை மாறிவிடும். வளவனூர் தமிழ்நாடு. அதைத் தாண்டி வரும் மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுச்சேரி. கண்டமங்கலம் மறுபடியும் தமிழ்நாடு, அரியூர் மறுபடியும் புதுச்சேரி. மதுக்கடைகளின் பலகையும் பெட்ரோல் பங்க்கின் விலையும் மாறுவதை வைத்துத்தான் புதியவர்கள் எந்த அரசின் மண்ணில் இருக்கிறோம் என்று கண்டுகொள்வார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

கிழிந்த துணியை ஒட்டுப்போட்டுத் தைத்ததுபோல் கிடக்கும் இந்த எல்லைக்கு வித்திட்டது ஒரு படைக்கூலி. 1749-இல் ஆற்காட்டு நவாப் பதவியைப் பிடிக்க உதவியதற்காகச் சந்தா சாகிப், வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு எழுதிக்கொடுத்தார். பிறகு பலமுறை கைமாறியும் அந்த ஒட்டுத்துணி முழுதாகக் கலையவில்லை. ஒரு பக்கம் கனத்தால் மறுபக்கம் ஒரு கூட்டாளியைச் சேர்த்துச் சமன்செய்வது என்ற அரசியல் வழக்கம், இந்த மண்ணில் விட்டுப்போன தழும்பு அது.

அந்த வழக்கத்துக்குப் பலச் சமநிலை என்று பெயர். எந்த அரசையும் மற்ற எல்லாரையும் விழுங்கும் அளவுக்குப் பெருக விடக்கூடாது. ஒருவர் வளர்ந்தால் மற்றவர்கள் சேர்ந்து எதிர்நிற்க வேண்டும். ஐரோப்பாவில் 1713-ஆம் ஆண்டின் உட்ரெக்ட் உடன்படிக்கைகள் இதை அமைதிக்கான வழியாகவே எழுதிவைத்தன. நமக்கும் இது புதிதில்லை. போருக்கு முன் துணைவலியையும் சேர்த்து எண்ணிப்பார்க்கச் சொல்லும் 'வலியறிதல்' அதிகாரம் திருக்குறளிலேயே இருக்கிறது. கேள்வி, இந்த வழக்கம் போரைத் தடுக்கிறதா, அல்லது தள்ளிப்போட்டுப் பெரிதாக்குகிறதா என்பதுதான். அதைச் சோதித்துப் பார்க்க 1740 முதல் 1761 வரையிலான செஞ்சி, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

வரைபடத்தைப் பார்த்தாலே காரணம் புரியும். சென்னையிலிருந்து திருச்சிக்கும், புதுச்சேரியிலிருந்து ஆற்காட்டுக்கும் போகும் பாதைகள் இந்தச் சீமையை ஊடறுத்துச் சென்றன. திண்டிவனத்துக்கு மேற்கே மூன்று மலைகளை மதிலால் இணைத்த செஞ்சிக் கோட்டை. கிழக்கே மரக்காணம் சாலையில் பெருமுக்கல் குன்று. வடக்கே ஒரு மணி நேரத் தொலைவில் வந்தவாசி. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே வழுதாவூர். தெற்கே திருவதிகை. கோட்டை ஒன்றைப் பிடித்தவர் சாலை ஒன்றைப் பிடித்தவர் ஆனார். மைசூர், மராட்டியர், ஹைதராபாத் நிஜாம், ஆற்காட்டு நவாப், தஞ்சை மன்னர், இரண்டு ஐரோப்பியக் கம்பெனிகள் என ஏழு கைகள் ஒரே தட்டில் எடை போட்டுப் பார்த்த இடம் இது.

முதலில் அந்த வழக்கத்தின் நல்ல பக்கம். 1744-இல் இங்கிலாந்தும் பிரான்சும் ஐரோப்பாவில் போர் அறிவித்தபோது, புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேயிடம் போதிய கப்பல் இல்லை. ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் கடலில் பிரெஞ்சு வணிகக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்தன. துய்ப்ளே நவாப் அன்வருத்தீனிடம் போனார். தன் நாட்டு மண்ணில் இரு கம்பெனிகளும் சண்டை போடக்கூடாது என்று நவாப் சென்னைக்குச் சொல்லியனுப்ப, புதுச்சேரி தப்பியது. இரண்டு வலியவர்களுக்கு நடுவே மூன்றாமவர் ஒருவர் நின்று 'போதும்' என்று சொன்னார், அது செல்லுபடியானது. சமநிலைக் கோட்பாட்டின் ஆதரவாளர்கள் காட்ட விரும்பும் எடுத்துக்காட்டு இதுதான்.

அடுத்தது தஞ்சாவூர். ஆம்பூர்ச் சண்டையில் 1749 ஆகஸ்டில் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிக் கோட்டைக்கு ஓடினார். வென்ற சந்தா சாகிப் உடனே திருச்சிக்குப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கையில் பணமில்லாததால் தஞ்சையைக் கறக்கப் போனார். மன்னர் பிரதாபசிங் 70 லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டு, கொடுக்கும் விதத்தில் வித்தை காட்டினார். ஒருநாள் பொன், வெள்ளிப் பாத்திரங்கள் வரும். அவற்றின் மதிப்பைக் கணக்கிட நாள் போகும். இன்னொரு நாள் செல்லாத பழங்காசுகள் வரும். அவற்றை எண்ண நாள் போகும். பிறகு நகைகள், விலை பேசுவதற்கு மேலும் நாட்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே, வடக்கிலிருந்து நிஜாமின் மகன் நாசிர் ஜங் பெரும்படையோடு வருகிறார் என்ற செய்தி எட்டியது, முற்றுகை கலைந்தது. சிறிய அரசு ஒன்று பெரிய எதிரியை எதிர்க்க வேண்டியதில்லை, அவனைவிடப் பெரியவன் வரும்வரை தாக்குப்பிடித்தால் போதும். சமநிலை சிறியவர்களுக்குத் தரும் உண்மையான நன்மை இந்தக் கால அவகாசம்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? எடையை யார், எப்படி அளக்கிறார்கள் என்பதில்.

அன்வருத்தீனின் 'போதும்' இரண்டு ஆண்டுகள்தான் ஓடியது. 1746-இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனேயின் கப்பல்கள் வந்ததும் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். இப்போது நவாப்பிடம் ஓடிவந்தவர்கள் ஆங்கிலேயர். நகரத்தைப் பிடித்து நவாப்பிடமே ஒப்படைப்பதாகச் சொன்ன துய்ப்ளே, பிடித்தபின் ஒப்படைக்கவில்லை. நவாப் தன் மகன் மாபூஸ்கானை ஏறத்தாழ 10,000 பேரோடு அனுப்பினார். அடையாறு ஆற்றங்கரையில் எதிரே நின்றது பரதீ என்ற அதிகாரியின் கீழ் 230 ஐரோப்பியரும் 700 சிப்பாய்களும் கொண்ட சிறு படை. அது ஆற்றைக் கடந்து, வரிசை கலையாமல் சுட்டு, பெரும்படையைச் சிதறடித்தது.

அதுவரை தென்னாட்டு அரசுகள் குதிரை எண்ணிக்கையில் வலிமையை அளந்தன. பயிற்சி, விரைந்து சுடும் பீரங்கி, மாதம் தவறாத சம்பளம் ஆகியவை அந்தக் கணக்கில் வரவில்லை. தராசு சரியாகத்தான் இருந்தது, படிக்கற்கள் பழையவை. சமநிலைக் கோட்பாட்டின் முதல் ஓட்டை இது. எதிரியின் பலம் சண்டைக்கு முன்பே தெரியும் என்று அது எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் சண்டைதான் அதைத் தெரியப்படுத்துகிறது.

அடையாற்றுக்குப் பிறகு எல்லாரும் பாடம் கற்றார்கள், ஆனால் தவறான பாடத்தை. ஐரோப்பியரைத் தடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை; நம் பக்கத்துக்கு ஓர் ஐரோப்பியர் வேண்டும் என்று தோன்றியது. 1748-இல் முதிய நிஜாம் இறக்க, அவர் மகன் நாசிர் ஜங்குக்கும் பேரன் முசாபர் ஜங்குக்கும் வாரிசுச் சண்டை மூண்டது. முசாபர் ஜங்கோடும் சந்தா சாகிப்போடும் பிரெஞ்சுக்காரர், நாசிர் ஜங்கோடும் முகமது அலியோடும் ஆங்கிலேயர் எனப் பக்கம் பிரிந்தார்கள். அப்போது ஐரோப்பாவில் பிரான்சும் இங்கிலாந்தும் சமாதானம் செய்துகொண்டிருந்தன என்பதுதான் வேடிக்கை. எய்-லா-சப்பெல் உடன்படிக்கையின்படி, கனடாப் பக்கத்து லூயிஸ்பர்க் கோட்டையைப் பெற்றுக்கொண்டு பிரான்ஸ் சென்னையைத் திருப்பித் தந்தது. அட்லாண்டிக் கரையிலிருந்த ஒரு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஈடாகச் சென்னப்பட்டணம் எடைபோடப்பட்டது. அந்தப் பேச்சில் ஆற்காட்டுக்கு இடமே இல்லை. இங்கே தட்டில் இருந்தவர்களுக்குத் தராசின் மறுமுனை எந்தக் கடலில் இருக்கிறது என்றே தெரியாது.

இந்த நிலையில் 1750-இன் செஞ்சி. செப்டம்பரில் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை, யாராலும் எளிதில் பிடிக்க முடியாது என்று பெயர்பெற்ற கோட்டையை ஒரே இரவில் பிடித்துக்கொண்டது. இதே கோட்டையை முகலாயர் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுத்தான் மராட்டியரிடமிருந்து வாங்க முடிந்தது. ராஜகிரி உச்சிக்கு ஏறும் வழியில் ஒரு பாறைப் பிளவு குறுக்கிடும், பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக முடியாது. களஞ்சியமும் சுனையும் மேலேயே உண்டு. அத்தனை இருந்தும் காவலில் இருந்தவர்களுக்கு மனமில்லை என்றால் கோட்டை நிற்காது.

நாசிர் ஜங் ஆற்காட்டிலிருந்து படையோடு புறப்பட்டு வந்தார். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. ஆறுகள் பெருகி, பாசறை சேற்றில் சிக்கி, வாரக்கணக்கில் அசைய முடியவில்லை. அந்த நாட்களில் இரண்டு பேச்சுகள் நடந்தன. ஒன்று, நாசிர் ஜங் துய்ப்ளேயுடன் நடத்திய சமாதானப் பேச்சு. மற்றொன்று, நாசிர் ஜங்கின் படையிலேயே இருந்த பத்தான் நவாப்களுடன் துய்ப்ளே நடத்திய சதிப் பேச்சு. இரண்டும் ஒரே சமயத்தில் பலித்தன. நாசிர் ஜங் கையெழுத்திட்ட உடன்படிக்கை புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தது. செஞ்சியிலிருந்து லா தூஷ் என்ற அதிகாரி இரவோடு இரவாகப் படையோடு கிளம்பிவிட்டார். நிறுத்தச் சொல்லும் ஓலை போய்ச்சேரும் முன்பே டிசம்பர் 16 விடியலில் சண்டை தொடங்கிவிட்டது. தன் பத்தான் கூட்டாளிகள் அசையாமல் நிற்பதைப் பார்த்து, அவர்களைக் கண்டிக்க யானையேறிப் போன நாசிர் ஜங் அவர்கள் பக்கத்திலிருந்தே சுடப்பட்டு இறந்தார். காலையில் நாசிர் ஜங்கின் கைதியாக இருந்த முசாபர் ஜங் பொழுது ஏறுவதற்குள் தக்காணத்தின் அதிபதி. வழுதாவூர்க் கோட்டையும் அதைச் சேர்ந்த ஊர்களும் துய்ப்ளேக்கு ஜாகீராயின. இரண்டே மாதத்தில், பங்கு போதவில்லை என்று அதே பத்தான்கள் முசாபர் ஜங்கையும் கொன்றார்கள்.

இங்கே இரண்டாவது ஓட்டை தெரிகிறது. கோட்பாட்டில் எடைக்கற்கள் வைத்த இடத்தில் இருக்கும். நடைமுறையில் ஒவ்வொரு கல்லுக்கும் கால் உண்டு, விலையும் உண்டு. மைசூர் நஞ்சராஜா திருச்சி கிடைக்கும் என்ற வாக்கை நம்பி முகமது அலிக்குப் படை தந்தார். 1752-இல் சந்தா சாகிப் பிடிபட்டுத் தஞ்சைத் தளபதி மானோஜியின் ஆணையால் தலை வெட்டப்பட்டதும், முகமது அலி வாக்கை விழுங்கிவிட்டார். அதே ஆண்டில் மேஜர் கின்னீர் தலைமையில் செஞ்சியைப் பிடிக்கப் போன ஆங்கிலப் படை, கோட்டையைப் பார்த்ததுமே முடியாது என்று திரும்பி, விக்கிரவாண்டியில் பிரெஞ்சுக்காரரிடம் அடிவாங்கியது. இன்று சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசைகட்டும் ஊர் அது. வெற்றி அந்தப் பக்கம் சாய்கிறது என்று கணித்து மைசூரும் மராட்டியத் தலைவர் முராரிராவும் பிரெஞ்சு அணிக்குப் போய்ச்சேர்ந்தார்கள். ஒவ்வொரு தேர்தலின்போதும் கூட்டணிக் கணக்குப் போட்டுப் பார்க்கும் இந்த மாவட்டத்து டீக்கடைகளுக்கு இந்தக் கணக்கின் வாய்பாடு நன்றாகவே புரியும்.

ஆனால் தேர்தல் கூட்டணியில் தோற்றவர் அடுத்த தேர்தலுக்குக் காத்திருக்கலாம். இங்கே ஒவ்வொரு அணிமாற்றத்துக்கும் விளைநிலம் விலை கொடுத்தது. ஏரிப் பாசனத்தை நம்பிய இந்தச் சீமையில் படை போன வழியெல்லாம் வைக்கோலும் நெல்லும் மாடும் போயின. யாருக்குக் கிஸ்தி கட்டுவது என்பதே ஊருக்குத் தெரியாமல் போனது. துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் இறக்கும்வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு, இந்த அரசியலை உள்ளிருந்து காட்டும் அரிய ஆவணம். கப்பல் வந்த செய்தி, நவாப்பின் கடிதம், துணி வணிகம், தர்பாரில் யாருக்கு எத்தனை குண்டு மரியாதை எல்லாம் அதில் அடுத்தடுத்து வருகின்றன. வணிகரான பிள்ளைக்குப் படைபலமும் கடன்பலமும் வேறுவேறாகத் தெரியவில்லை. மன்னர்கள் அப்படிப் பார்த்திருந்தால் வேறு முடிவுகள் எடுத்திருக்கலாம்.

கடன்தான் மூன்றாவது ஓட்டை. கூட்டாளியின் படைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். பணமில்லாதவர் நிலவரியை அடகு வைக்க வேண்டும். முகமது அலி இறுதியில் வென்றார், ஆற்காட்டு நவாப்பாக நெடுங்காலம் வாழ்ந்தார். ஆனால் ஆங்கிலேயப் படைச்செலவும் சென்னை வெள்ளையர்களிடம் வாங்கிய வட்டிக்கடனும் அவர் கழுத்தைச் சுற்றின. 1785-இல் எட்மண்ட் பர்க் லண்டன் நாடாளுமன்றத்தில் ஆற்காட்டு நவாப்பின் கடன்களைப் பற்றியே தனியாக ஓர் உரையாற்றும் அளவுக்கு அது நாறியது. 1801-இல் கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டு நவாப்பின் நாட்டு ஆட்சி முழுவதும் கம்பெனி கைக்குப் போய், இந்தச் சீமை தென்னார்க்காடு ஆனது. சமநிலைக்காக வாடகைக்கு எடுத்த எடைக்கல், கடைசியில் கடையையே எடுத்துக்கொண்டது.

சமநிலைக்கு மாற்றாக ஒதுங்கியிருத்தல் என்ற வழியும் அன்றே சோதிக்கப்பட்டது. 1754-இன் தொடக்கத்தில் டச்சுக்காரரின் சதுரங்கப்பட்டினத்தில் நடந்த பேச்சு முறிந்தது. துய்ப்ளே திருப்பி அழைக்கப்பட்ட பிறகு, அதே ஆண்டின் இறுதியில் அவர் இடத்துக்கு வந்த கொதேவும் சென்னை ஆளுநர் சாண்டர்ஸும் ஓர் இடைக்கால உடன்பாடு செய்தனர். உள்நாட்டு அரசர்களின் சண்டைகளில் இரு கம்பெனிகளும் தலையிடக்கூடாது என்பது அதன் சாரம். மை காய்வதற்குள் ஆங்கிலப் படை நவாப்பின் வரியை வசூலிக்கிறோம் என்று மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போனது. நிஜாமுக்குத் துணையாகப் போயிருந்த புஸ்ஸி ஹைதராபாத்திலேயே இருந்தார். மீறினால் தண்டிக்க ஒரு மூன்றாமவர் இல்லாத உடன்பாடு காகிதமாகத்தான் இருக்கும். அந்த வகையில் பார்த்தால், 1744-இல் அன்வருத்தீன் நின்ற இடத்தில் 1754-இல் யாருமே இல்லாததுதான் இழப்பு.

1756-இல் ஏழாண்டுப் போர் தொடங்கியது. 1758-இல் வந்த பிரெஞ்சுத் தளபதி லாலி, ஹைதராபாத்திலிருந்து புஸ்ஸியைத் திருப்பி அழைத்தார். கர்நாடகத் தட்டில் எடை கூட்ட, தக்காணத் தட்டைக் காலி செய்தார். 1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் அவரைத் தோற்கடித்தபோது, பிரெஞ்சு அணியின் மராட்டியக் குதிரைப்படை சண்டையில் இறங்காமல் ஒதுங்கி நின்றது. புஸ்ஸி பிடிபட்டார். பெருமுக்கல், வழுதாவூர் என்று ஒவ்வொன்றாக ஆங்கிலேயர் கைக்குப் போயின. கடைசி முயற்சியாக லாலி, தியாகதுருகத்தை விட்டுக்கொடுத்து மைசூரின் ஹைதர் அலியிடம் உதவி கேட்டார். மைசூர்ப் படை வந்தது, ஒரு சண்டையில் வென்றதும் உண்டு. பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதருக்கு எதிராகவே அவருடைய கூட்டாளி கண்டேராவ் கிளம்ப, படை ஊர் திரும்பியது.

1761 ஜனவரி 14-இல் பானிப்பட்டில் மராட்டியர் வீழ்ந்தனர். இரண்டே நாளில், 16-ஆம் தேதி, புதுச்சேரி சரணடைந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அதே மாதம். ஏப்ரல் 5-இல் செஞ்சியும் போனது. ஆங்கிலேயரைச் சமன்செய்யக்கூடிய இரண்டு பெரிய எடைகள், ஒன்றையொன்று அறியாமல், ஒரே வாரத்தில் தட்டிலிருந்து இறங்கிவிட்டன.

பிறகும் ஒருமுறை சரியான கணக்குப் போடப்பட்டது. 1780-இல் ஹைதர் அலி, நிஜாம், மராட்டியர் மூவரும் கம்பெனியே பொது எதிரி என்று ஒன்றுபட்டனர். பொள்ளிலூரில் ஆங்கிலப் படை அழிந்தது. செஞ்சி ஹைதர் கைக்கு வந்தது. ஆனால் நிஜாமுக்கு ஒரு சலுகை, நாக்பூர் போன்ஸ்லேக்கு ஒரு சமாதானம், 1782-இல் பேஷ்வாவோடு சால்பாய் உடன்படிக்கை எனக் கம்பெனி முடிச்சுகளைத் தனித்தனியாக அவிழ்த்துவிட்டது. 1799-இல் திப்புவின் கோட்டை விழுந்தபோது நிஜாமின் படை ஆங்கிலேயர் பக்கத்தில் நின்றது. தூரத்துப் பெரியவனைவிடப் பக்கத்து வீட்டுக்காரனே ஆபத்து என்று ஒவ்வொருவருக்கும் தோன்றியது. அதைக் குறுகிய புத்தி என்று சொல்லிவிட முடியாது. எல்லைத் தகராறும் சௌத் வரிப் பாக்கியும் பக்கத்து வீட்டுக்காரனோடுதான் இருந்தன.

ஐரோப்பாவும் இந்தக் குழியில் விழாமல் இல்லை. 1914-க்குள் அங்கே எடைகள் இரண்டு கூட்டணிகளாகக் கெட்டிப்பட்டுவிட்டன. நடுவே நின்று பக்கம் மாறக்கூடியவர் யாரும் மிஞ்சவில்லை. ஜூலை 28-இல் ஆஸ்திரியா செர்பியாமீது போர் அறிவித்தது. ஆகஸ்டு 4-இல் பிரிட்டனும் போரில் இருந்தது. செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பலின் குண்டுகள் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை எரித்தன, தமிழுக்கு 'எம்டன்' என்ற புதுச் சொல்லும் கிடைத்தது. கர்நாடகத்தில் கற்கள் அளவுக்கு மீறி நகர்ந்தன, ஐரோப்பாவில் நகரவே மறுத்தன. இரண்டுமே போரில் முடிந்தன.

ஆகவே இந்த வழக்கத்தை மொத்தமாகத் தள்ளவும் முடியாது, நம்பிக் கண்ணயரவும் முடியாது. அது அவகாசம் தருகிறது. பிரதாபசிங் பழங்காசை எண்ணவைத்து வாங்கிய அவகாசம் அவர் அரசைக் காத்தது. முகமது அலி கடன்பட்டு வாங்கிய அவகாசம் அவர் வாரிசுகளின் அரசை விற்றது. முன்னவர் எதிரிகளின் பொறுமையைச் செலவழித்தார், பின்னவர் தன் குடிகளின் வரியைச் செலவழித்தார். ஒரு சமநிலை நல்லதா என்று தீர்ப்புச் சொல்லுமுன் அதன் செலவு யார் கணக்கில் ஏறுகிறது என்று பார்த்தால், போருக்கு முந்தைய பேரங்களில் பல வேறு முகம் காட்டும்.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராட்டியப் படைத்தலங்களில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. விடுமுறை நாட்களில் திண்டிவனத்திலிருந்து வரும் பேருந்துகளில் கூட்டம் நிற்கிறது. மூச்சிரைக்க ராஜகிரி ஏறி இறங்குகிறவர்கள் வெங்கட்ரமணர் கோயிலுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறார்கள். அந்தக் கோயிலின் கல்தூண்கள் சில அங்கே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனவை என்று சொல்லப்படும் உயரமான தூண்கள், புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. மாலையில் அவற்றின் அடியில் சாய்ந்துகொண்டு சுண்டல் தின்பவர்களில், விழுப்புரத்திலிருந்து எல்லை மாறி மாறி வந்து இறங்கியவர்களும் உண்டு.